மூன்று கோடிச் சொற் கணக்கு!

மூன்று கோடி!

ரூபாய்க் கணக்கல்ல; ஓட்டுக் கணக்கும் அல்ல. சொற் கணக்கு! வசதி படைத்த வீட்டுப் பிள்ளை நான்கு வயதை எட்டுவதற்குள், வறிய வீட்டுப் பிள்ளையைவிட மூன்று கோடிச் சொற்களை அதிகமாகக் கேட்டுவிடுகிறது என்று அமெரிக்காவிலே இருவர் கணக்குப் போட்டார்கள். கணக்கு கடல் கடந்தது, கருத்தரங்கம் ஏறியது, கல்வி அதிகாரிகளின் நாவிலே குடியேறியது. ஏழைப் பிள்ளை பள்ளிக்கூடத்திலே பின்தங்குகிறதா? இதோ காரணம் கிடைத்துவிட்டது! ஒழுகும் கூரை காரணமல்ல, ஆசிரியர் இல்லாத வகுப்பு காரணமல்ல, அரை வயிற்றுக் கஞ்சி காரணமல்ல. பெற்றவளுக்குப் பேசத் தெரியவில்லை, பெற்றவன் வாய் திறப்பதில்லை, அதுதான் காரணமாம்!

இதை ஒரே வரியில் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். மேடையில் சொன்னால் கைதட்டும் கிடைக்கும். நாம் அப்படிச் செய்யப் போவதில்லை. ஏனெனில் அந்தக் கணக்கிலே கோணலும் உண்டு, உண்மையும் உண்டு. கோணலைப் பிரித்துக் காட்டாவிட்டால் பழி உழைப்பவன் தலையில் நிற்கும். கோணலோடு சேர்த்து உண்மையையும் தூக்கி எறிந்துவிட்டாலோ, நட்டம் நம் வீட்டுத் தூளியிலே கிடக்கும் பிள்ளைக்கு.

கதை நடந்த இடம் கான்சாஸ் நகரம். 1960-களில் அமெரிக்க சர்க்கார் வறுமையின் மீது போர் தொடுப்பதாக முழங்கிய காலம். பெட்டி ஹார்ட் என்ற அம்மையாரும் டாட் ரிஸ்லி என்பவரும் அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கான பாலர் பள்ளியொன்றில் பணி செய்தனர். பிள்ளைகளுக்குப் புதுப் புதுச் சொற்களைக் கற்பித்தனர். பிள்ளைகளும் கற்றன. ஆனால் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே அந்த ஆதாயம் கரைந்து போயிற்று. நான்கு வயதிலே தொடங்குவது காலம் கடந்த வேலை போலும், அதற்கு முன்னே வீட்டுக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம் எனப் புறப்பட்டார்கள். இதுவரையில் அவர்கள் மீது நமக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல நோக்கம், கடும் உழைப்பு.

எடுத்துக்கொண்டது 42 குடும்பங்கள். கைக்குழந்தைப் பருவத்திலிருந்து மூன்று வயது வரையில், இரண்டரை ஆண்டு காலம், மாதம் ஒரு மணி நேரம் ஒலிப்பதிவுக் கருவியோடு வீட்டிலே போய் உட்கார்ந்து, பிள்ளையிடம் பேசப்படுவதை எல்லாம் பதிந்தார்கள், பிறகு எண்ணினார்கள். 1995-ல் புத்தகம் வெளிவந்தது. படித்துப் பட்டம் பெற்று உயர் வேலை பார்ப்போர் வீட்டிலே பிள்ளையின் காதுக்கு மணிக்கு 2,153 சொல். தொழிலாளர் வீட்டிலே 1,251. சர்க்கார் உதவித்தொகையில் வாழும் ஏழை வீட்டிலே 616. 'ஆமாம் கண்ணு, சரியாச் சொன்னே' என்கிற மாதிரித் தட்டிக்கொடுக்கும் பேச்சு முதல் வகை வீட்டிலே மணிக்கு 32 தடவை. ஏழை வீட்டிலே 5 தடவை. 'தொடாதே, சும்மா இரு' என்று அதட்டுவது அங்கே 5, இங்கே 11.

இதற்குப் பிறகு வந்தது பெருக்கல் வாய்பாடு. ஆண்டுக்கு 5,200 மணி நேரம் பிள்ளை விழித்திருப்பதாக வைத்துக்கொள். நான்கு ஆண்டுக்குப் பெருக்கு. பணக்காரப் பிள்ளைக்கு நாலரைக் கோடிச் சொல், ஏழைப் பிள்ளைக்கு ஒன்றேகால் கோடிக்குச் சற்று மேல். கழித்துப் பார், மூன்று கோடி! மாதத்தில் ஒரு மணி நேரம் கண்டதைக்கொண்டு நான்கு ஆண்டையும் கணக்கிட்டுவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. அந்த 42 குடும்பங்களில் உதவித்தொகை பெறும் ஏழைக் குடும்பங்கள் எத்தனை? ஆறு. வெறும் ஆறு! ஆறும் கறுப்பினக் குடும்பங்கள். ஆறு வீட்டுத் தாய்மார் மாதத்துக்கு ஒரு மணி நேரம் பேசியதை வைத்து உலகத்து ஏழைகளின் வாயையெல்லாம் அளந்துவிட்டார்கள் பின்னால் வந்த பிரசாரகர்கள். அந்த ஒரு மணி நேரம்தான் எப்படிப்பட்டது? சர்க்கார் தரும் படியில் அடுப்பெரிக்கிற வீடு. ஏடும் எழுதுகோலுமாக ஒரு படித்த மனிதர் வந்து மூலையில் உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பேச்சு வருமா? நம் வீட்டுக்கு விசாரணைக்கென்று அதிகாரி வந்த நாளை ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்கட்டும். வசதி படைத்த வீட்டிலோ வந்தவர் தம் இனம், தம் படிப்பு, தம் பேச்சு. பிள்ளையின் சாமர்த்தியத்தை அவருக்குக் காட்டவேண்டும் என்ற ஆசையிலேயே தாய் கொஞ்சம் கூடப் பேசுவாள். இது மனித இயல்பு.

2018-ல் டக்ளஸ் ஸ்பெரி முதலிய மூவர் வேறொரு கணக்கை வெளியிட்டனர். அதிலும் 42 பிள்ளைகளே, ஆனால் ஐந்து வெவ்வேறு ஊர்ச் சமூகங்கள். தாய் சொன்னதை மட்டும் எண்ணாமல், பாட்டி சொன்னது, அக்காள் சொன்னது, பக்கத்து வீட்டுக்காரி சொன்னது, பிள்ளையைச் சுற்றிப் பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொண்டது எல்லாவற்றையும் எண்ணினார்கள். கணக்கு மாறிப் போயிற்று! அலபாமா மாநிலத்தில் கறுப்பின ஏழைகள் வாழும் நாட்டுப்புறத்திலே பிள்ளைகள் கேட்ட சொல், ஹார்ட்டும் ரிஸ்லியும் ஏழைக்கென்று எழுதிய கணக்கைவிட எவ்வளவோ அதிகம். அதற்கு ஓராண்டு முன்பே, 2017-ல், பிள்ளையின் சட்டையிலே செருகிய சிறு கருவிகளைக்கொண்டு நாள் முழுவதும் பதிந்த ஆராய்ச்சி, மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே நான்கு வயதில் உள்ள வேறுபாடு சுமார் 40 இலட்சம் சொல் என்றது. மூன்று கோடி எங்கே, நாற்பது இலட்சம் எங்கே?

ஆனாலும் பழைய எண் சாகவில்லை. 2013-ல் பிராவிடன்ஸ் என்ற நகரத்துக்கு 50 இலட்சம் டாலர் பரிசு கிடைத்தது. எதற்குத் தெரியுமா? ஏழைக் குழந்தைகளுக்குச் சொல் எண்ணும் கருவி மாட்டிவிட்டு, 'அம்மா, இந்த வாரம் உன் பேச்சு குறைவு' என்று தாய்க்குக் கணக்குக் காட்டும் திட்டத்துக்கு! உதவி செய்கிற எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாய்க்கு இரண்டு வேலை. அவள் வீட்டிலே இருக்கிற நேரம் எவ்வளவு என்று எண்ணுகிற கருவியை எவரும் செய்ததாகத் தெரியவில்லை.

கோணலைச் சொன்னோம். இனி உண்மை.

குழந்தை வெறும் களிமண் அல்ல. தாயின் குரலைக் கருவிலிருந்தே கேட்டுப் பழகி வருகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசு, வேறொருத்தியின் குரலைவிடத் தன் தாயின் குரலையே நாடுகிறது என்பதை 1980-ல் ரப்பர்க் காம்பைச் சப்பவிட்டுச் சோதித்து நிறுவினார்கள். எட்டு மாதப் பிள்ளைக்கு, இடைவெளியில்லாமல் ஓடும் பொருளற்ற அசைகளை இரண்டே நிமிடம் கேட்கவைத்தால், எந்த அசை எந்த அசையோடு சேர்ந்து வருகிறது என்பதைப் பிடித்துக்கொள்கிறது. இது 1996-ல் வெளியான சோதனை. பேச்சென்னும் ஓடையிலிருந்து சொற்களைத் தனித்தனியாக அள்ளும் வித்தை அந்தச் சின்னத் தலைக்குள் இருக்கிறது.

இன்னொன்று நமக்கு நன்றாகவே விளங்கும். 'ட'வுக்கும் 'த'வுக்கும் வேறுபாடு இல்லாமல் தமிழ் உண்டா? 'பட்டு' வேறு, 'பத்து' வேறு. ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கு அந்த இரண்டும் ஒன்று போலவே காதில் விழும். அவர்கள் பிள்ளைகளுக்கும் அப்படித்தானா? ஜேனட் வெர்க்கர் என்ற அம்மையார் கனடாவிலே சோதித்தார். 1984-ல் முடிவு வந்தது. இந்தி மொழியில் உள்ள இதே இரண்டு ஒலிகளை, ஆங்கில வீட்டில் பிறந்த ஆறேழு மாதக் குழந்தைகள் பிரித்தறிந்தன. பத்துப் பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறமை போய்விட்டது! ஏன் போயிற்று? சுற்றியிருப்பவர் எவரும் அந்த வேறுபாட்டோடு பேசவில்லை. எந்தக் குழந்தையும் எல்லா மொழிக்கும் காது திறந்தே வருகிறது; எதைக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்கிறது, கேளாததைக் கைவிடுகிறது. ஓராண்டு நிறைவதற்குள் இத்தனையும் நடந்து முடிந்துவிடுகிறது. 'ஒன்றும் தெரியாத பச்சைக் குழந்தை' என்று நாம் சொல்கிறோமே, அந்தக் குழந்தை!

பெரியவர்கள் குழந்தையிடம் ஏன் குரலை உயர்த்தி, இழுத்து இழுத்து, ஒரே சொல்லைப் பத்துத் தடவை சொல்லிக் கொஞ்சுகிறார்கள்? மீசை முறுக்கிய மல்லர்கூடக் குழந்தையைக் கையிலே வாங்கியதும் குரல் மாறிவிடுகிறார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். நம் வீட்டிலே 'மம்மம்', 'தாச்சி', 'இங்கா' என்று ஒரு தனி அகராதியே நடக்கிறது. இது தமிழனுக்கு மட்டும் உள்ள பைத்தியம் அல்ல. மராத்தி, அரபு உட்பட ஆறு மொழிகளில் இத்தகைய மழலைச் சொற்களைத் திரட்டி 1964-லேயே சார்லஸ் பெர்குசன் என்ற மொழியறிஞர் கட்டுரை எழுதினார். 1997-ல் அமெரிக்க, ருஷ்ய, சுவீடன் நாட்டுத் தாய்மார் பேச்சைக் கருவிகொண்டு அளந்தபோது, குழந்தையிடம் பேசுகையில் உயிரெழுத்துகளை அவர்கள் அறியாமலே நீட்டித் தெளிவாக்கித் தருவது தெரிந்தது. நாய் பூனையைக் கொஞ்சும்போதும் குரல் உயரத்தானே செய்கிறது என்பார்கள். அதையும் விடவில்லை, ஆஸ்திரேலியாவிலே அளந்தார்கள், 2002-ல். நாய் பூனையிடம் குரல் உயருகிறது, குழைகிறது. ஆனால் உயிரெழுத்துத் தெளிவாகவில்லை! பாடம் பிள்ளைக்கு மட்டும்தான். எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் படிக்காத தாய், நாயும் பேசப்போவதில்லை என்பதை அறிந்து நடத்துகிற வகுப்பு அது.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்சுமொழி இல்லாவிட்டால் பிள்ளை ஊமையாகிவிடும் என்று எவரும் அஞ்ச வேண்டாம். பாப்புவா நியூகினியின் காட்டுப் பகுதியில் கலுலி என்ற மக்கள் இருக்கிறார்கள். பாம்பி ஷீஃப்லின் என்ற அம்மையார் அவர்களிடையே தங்கி ஆராய்ந்தார். அவர்கள் பச்சைக் குழந்தையிடம் உரையாடுவதில்லை. குழந்தையை வெளிப்புறம் பார்க்கத் தூக்கிப் பிடித்து, எதிரே இருப்பவரிடம் குழந்தையே பேசுவதுபோலத் தாய் குரல் கொடுப்பாள். 'அம்மா', 'முலை' என்ற இரண்டு சொல்லும் வந்த பிறகுதான் பிள்ளைக்குப் பேச்சு வந்ததென ஒப்புக்கொண்டு, 'இப்படிச் சொல்' என்று கற்பிக்கத் தொடங்குவார்கள். அந்தப் பிள்ளைகளும் தம் மொழியை நன்றாகவே பேசுகின்றன. ஆகவே அமெரிக்க நடுத்தர வீட்டுக் கூடத்திலே நடப்பதுதான் உலகுக்கே ஒரே முறை என்று யாராவது சொன்னால் நாம் தலையாட்ட வேண்டியதில்லை.

அப்படியானால் எவ்வளவு பேசினாலும் ஒன்றுதானா? அல்ல. இங்கேதான் நம் தோழர்கள் காது கொடுத்துக் கேட்கவேண்டும். 2013-ல் அமெரிக்காவிலே ஸ்பானிய மொழி பேசும் 29 குடும்பங்களை ஆராய்ந்தார்கள். எல்லாம் ஏழைக் குடும்பங்கள். பணக்காரனோடு ஒப்பிட்டு இழிவுபடுத்துகிற வேலையே இல்லை, ஏழையும் ஏழையும். பத்து மணி நேரப் பகலிலே ஒரு வீட்டில் பிள்ளையைப் பார்த்துப் பேசிய சொற்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். இன்னொரு வீட்டில் 670! அதே கூலி, அதே வாடகை வீடு, அதே கஷ்டம். அதிகம் பேசிய வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வயதிலே அதிகச் சொல் அறிந்திருந்தன. தெரிந்த சொல்லைக் கேட்டதும் அந்தப் பொருளை விரைவில் கண்டுகொண்டன. பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொண்டதோ அந்தப் பலனைத் தரவில்லை. பிள்ளையைப் பார்த்துப் பேசியதுதான் பலித்தது.

வறுமை வாயைப் பூட்டிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மூன்று கோடிக்காரர்களுக்கு இது பதில். 'நமக்கு என்ன தெரியும், டீச்சர் பார்த்துக்கொள்வார்' என்று கையை உதறும் நம்மவருக்கும் இதுவே பதில்.

இன்னொரு செய்தி, இது கைப்பேசி வைத்திருப்போருக்கு. 2003-ல் பட்ரீஷியா கூல் என்ற விஞ்ஞானி ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளைச் சீன மொழி கேட்கவைத்தார். ஒரு பிரிவுக்குச் சீனர் ஒருவர் நேரே உட்கார்ந்து, பொம்மை காட்டி, கதை படித்துப் பேசினார், பன்னிரண்டு அமர்வு. அந்தக் குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டைக் கற்றுக்கொண்டன. இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்களை, அதே பேச்சைத் தொலைக்காட்சிப் பெட்டியில் காட்டினார்கள். கற்றது ஒன்றுமில்லை! சுழி! கண்ணைப் பார்க்கிற கண், கையைத் தொடுகிற கை, சிரித்தால் சிரிக்கிற முகம் இல்லாமல் கைக்குழந்தைக்கு மொழி ஏறவில்லை. அழுகிற பிள்ளையின் கையில் பாட்டுப் போடும் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, அது அமைதியாகிவிட்டது என்று மகிழ்கிறோம். அமைதிதான், மெத்தச் சரி. இரண்டு பக்கமும் அமைதி.

ஆங்கில மோகத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. நாய் வந்தால் 'நாய் வருது பார், வாலை ஆட்டுது பார், உன்னைத்தான் பார்க்குது, பயப்படாதே, அது நம்ம தெரு நாய்' என்று மூச்சுவிடாமல் பேசத் தெரிந்த தகப்பன், 'டாக்' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார். ஏன்? அடுத்த சொல் அவருக்கு ஆங்கிலத்தில் தெரியாது! பாவம், பிள்ளை முன்னேற வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையை நாம் கேலி செய்யவில்லை. ஆங்கிலம் சரளமாக வருகிற வீட்டார் பேசட்டும். இரண்டு மொழியைச் சுமக்கப் பிள்ளையின் மூளைக்குத் தெம்பு உண்டு. நம் கேள்வி, ஐம்பது ஆங்கிலச் சொல் தெரிந்தவர் ஐயாயிரம் தமிழ்ச் சொல்லைப் பூட்டி வைப்பானேன் என்பதுதான். பிள்ளைக்குப் போய்ச் சேருவது அந்த ஐம்பது. அதற்காக மேடைத் தமிழிலே பேசச் சொல்கிறோம் என்று எண்ணிவிடாதீர்கள். 'மழலைச் செல்வமே, அன்னம் உண்ண வாராய்' என்று நம் பேச்சாளர் ஒருவர் வீட்டிலே ஆரம்பித்தால் பிள்ளை வீறிட்டு அழும், தாயும் அழுவாள்.

இனி நேரத்துக்கு வருவோம். எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நம்முடையது என்ற முழக்கத்துக்காக 1886-ல் சிகாகோவிலே இரத்தம் சிந்தினார்கள். 1923-ல் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். அந்த மூன்றாவது எட்டு மணி எதற்கு என்று கேட்டால் ஓய்வுக்கு, படிப்புக்கு, சங்க வேலைக்கு என்போம். அதிலே ஒரு பங்கு தூளியில் கிடக்கிற பிள்ளைக்கும் உரியது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்துக் கிளம்பின. அவ்வாண்டு மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. கூலிக் கணக்கு, உடல்நலக் கணக்கு எல்லாம் அப்போது பேசினோம். தொட்டில் கணக்கைப் பேசினோமா? பன்னிரண்டு மணி ஆலையிலே, இரண்டு மணி பேருந்திலே. புறப்படும்போது பிள்ளை தூங்குகிறது, திரும்பும்போதும் தூங்குகிறது. அந்த வீட்டில் போய் உட்கார்ந்து சொல்லை எண்ணிவிட்டு, 'தகப்பன் பேசுவதில்லை' என்று எழுதினால் அது விஞ்ஞானமா?

பிள்ளைகளுக்கான அறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. அறை மட்டும் இருந்தால் போதாது. முப்பது பிள்ளைக்கு ஒரு ஆயா என்றால் அவளால் வாயைத் துடைக்க முடியுமே தவிர வாய்ப்பேச்சுக் கொடுக்க முடியாது. கோரிக்கை எழுதும் தோழர்கள் அறையின் நீள அகலத்தோடு, எத்தனை பிள்ளைக்கு ஒரு ஆள் என்பதையும் எழுதவேண்டும்.

சென்ற மாதம் ஒரு கூட்டம் முடிந்து தேநீர்க் கடையிலே இந்தப் பேச்சு வந்தபோது, ஒரு இளந்தோழர் வெட்கத்தோடு கேட்டார்: "ஆறு மாசக் குழந்தைகிட்ட என்னத்தண்ணே பேசறது? அதுக்கு என்ன புரியும்?" நல்ல கேள்வி. எதை வேண்டுமானாலும் பேசலாம். சட்டையை மாட்டும்போது சட்டை என்று சொல்லலாம். இன்றைக்கு மிஷின் எப்படி நின்று போயிற்று, மேஸ்திரி என்ன குதி குதித்தார் என்று சொல்லலாம். அது எவரிடமும் போட்டுக் கொடுக்காது. ஆனால் பிரசங்கம் செய்துவிட்டு எழுந்து போகக்கூடாது. நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள 36 பிள்ளைகளை ஆராய்ந்து 2018-ல் வந்த முடிவு, கொட்டிய சொல்லைவிட, மாறி மாறி நடந்த பேச்சே மூளையின் மொழிப் பகுதி வேலை செய்வதோடு நெருங்கி இணைந்திருந்தது என்கிறது. வீட்டு வருமானம் எதுவானாலும் சரி. ஆகவே ஒன்று சொல்லிவிட்டுச் சற்றே நிறுத்தி முகத்தைப் பார்க்க வேண்டும். காலை உதைத்து 'ங்கா' என்றால் அது பதில். கேட்டுக்கொண்டு அடுத்ததைச் சொல்லலாம். இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவர் இதைக் காலையிலே வைத்துக்கொள்ளட்டும்; அந்நேரத்தில் பிள்ளைகள் நல்ல உற்சாகத்தில் இருக்கும்.